டீச்சரம்மாவுக்குத் தலைவலி

தலை வெடிக்கிறது என்று சொன்னவள் கண்ணாடி முன்னால் நின்று கம்மல் மாட்டிக்கொண்டிருந்தாள். பிரசவமாகி ஒன்பதாம் நாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, உதட்டுச் சாயம், கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை. அவளுடைய பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டிருந்த என் அம்மா என் காதருகே வந்து கேட்டாள்: "ஏட்டி, தலைவலி உசிரு போகுதுங்கா, இப்ப எதுக்கு இந்தச் சீவிச் சிங்காரம்?"

எனக்கும் புரியவில்லை. காரில் ஏறிய பிறகு அவளே சொன்னாள். "இப்படிப் போனாத்தான் நான் சொல்றதை நம்புவாங்க."

2019 அக்டோபர், அட்லாண்டா புறநகரில் ஒரு அபார்ட்மென்ட். என் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவள் நாலாம் வகுப்பு டீச்சர், கருப்பினப் பெண். அம்மாவுக்கு அவள் 'டீச்சரம்மா'. அவளோ 'அம்மா' என்பதுதான் என் அம்மாவின் பெயர் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டை வாடகைக்குப் பார்த்தபோது நானும் என் கணவரும் தமிழ் நண்பர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏரியா எப்படி, 'அவங்க' ஜாஸ்தியா?" என்பதுதான். 'அவங்க' யார் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு அவள் குடிவந்து மூன்று மாதம் வரை எங்கள் பழக்கம் படிக்கட்டில் ஒரு 'ஹலோ'வோடு சரி. அதற்கு மேல் போனது அம்மாவால். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதவள் ஒரு கிண்ணம் ரசத்தோடு போய்க் கதவைத் தட்டினாள், "மாசமா இருக்கிற பொண்ணு, வாய்க்கு ருசியா எதுவும் இறங்காது" என்று.

அன்று சாயங்காலமும் பூண்டுக்குழம்பு கொடுக்கத்தான் அம்மா போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "டீச்சரம்மா முகம் ஊதிக் கெடக்கு. ரெண்டு நாளாத் தலைவலியாம், சைகையில காமிக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குதுன்னு கையை ஆட்டுதா. உங்க சின்னப்பாட்டிக்கு இப்படித்தான் வந்துச்சு. பேறுகால ஜன்னி. கைகாலு வெட்டி இழுத்து, விடியறதுக்குள்ள போயிட்டா. பிள்ளை பிறந்து எட்டு நாளு."

ஜன்னி என்று நம் பாட்டிகள் சொன்னதில் பெரும்பங்கு என்ன என்பது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். கர்ப்பகால ரத்த அழுத்தம் எகிறி மூளையைப் பாதித்து வலிப்பில் முடிவது. பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீராது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட வரலாம். எனக்கு அந்தக் கர்ப்பத்தில் அழுத்தம் கூடியிருந்ததால் வீட்டில் பிரஷர் பார்க்கிற மிஷின் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். 168/112. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். 166/110.

அவளுக்குக் கடைசி வாரங்களில் அழுத்தம் கூடித்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவமான 7 முதல் 10 நாளுக்குள் கட்டாயம் அழுத்தம் பார்க்க வேண்டும், மிகக் கடுமையாக இருந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். அவளுக்குக் கொடுத்திருந்ததோ ஆறாவது வாரத்தில் ஒரு அப்பாயின்ட்மென்ட். முதல் நாளே கிளினிக்குக்கு போன் செய்திருக்கிறாள். "தூக்கமில்லாத அம்மாக்களுக்குத் தலைவலி சகஜம், டைலனால் போட்டுப் படுங்க" என்று பதில்.

அவள் கணவருக்கு விமான நிலையத்தில் இரவு ஷிஃப்ட். போனை எடுக்கவில்லை. என் மூன்று மாதப் பிள்ளையும் அவளுடைய ஒன்பது நாள் பிள்ளையும் அம்மாவிடம். நான் காரை எடுத்தேன்.

போகிற வழியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஷலோன் இர்விங் கதையைச் சொன்னாள். இதே அட்லாண்டாவில், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில் நோய்ப்பரவல் ஆய்வாளராக இருந்த கருப்பினப் பெண், முனைவர் பட்டம் பெற்றவர். சமூக ஏற்றத்தாழ்வு உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் அவர் துறையே. 2017 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது என்று திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போனார். மூன்று வாரத்தில் இறந்துபோனார். வயது 36. "அவங்களுக்கே அந்தக் கதின்னா, நான் நாலாங்கிளாஸ் டீச்சர்" என்றாள் இவள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் 7:12-க்குப் பதிவு செய்தோம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அவள் என் போனில் குறிக்கச் சொன்னாள். முகப்பு மேஜையில் மெல்லிய குரலில், அழகான ஆங்கிலத்தில், தலைவலி என்றாள், 168 என்றும் சொன்னாள். அந்த நர்ஸ் தட்டச்சு செய்தார். உட்காரச் சொன்னார். 8:05-க்குப் போய்க் கேட்டாள். கூட்டம், காத்திருங்கள். 8:40-க்குப் பால் கட்டி, இஸ்திரிச் சட்டையின் மார்புப் பக்கம் இரண்டு ஈர வட்டங்கள் தெரிந்தன. கையிலிருந்த ஃபைலால் மறைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சத்தமாத்தான் கேளேன்" என்றேன், பொறுக்காமல்.

"நான் சத்தம் போட்டா செக்யூரிட்டி வருவான். நீ போட்டா மேனேஜர் வருவான்."

9 மணிக்கு நான் எழுந்து போனேன். "பிரசவமாகி ஒன்பது நாள். மேல் அழுத்தம் 168, கீழ் 112, இரண்டு முறை பார்த்தாயிற்று. கண் மங்குகிறது" என்றேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டரா?"

அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் பேசும் இந்தியப் பெண் முகம் என்றால் அவர்களுக்கு டாக்டர்தான் நினைவுக்கு வரும். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுக்க எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த ஒரு மூச்சுக்குள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் வாங்கியது பி.காம். பட்டம், கோவில்பட்டியில்.

உள்ளே பார்த்தபோது 174/114. அதற்கப்புறம் எல்லாம் வேகம்தான். அழுத்தம் குறைக்க நரம்பில் ஊசி, வலிப்பு வராமலிருக்க மேக்னீசியம் சல்ஃபேட் 24 மணி நேரம். "உடம்புக்குள்ள அடுப்பைப் பத்தவெச்ச மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் என்னிடம் சொன்னது நன்றி இல்லை. "நானும் அதே நம்பரைத்தான் சொன்னேன்" என்றாள்.

அந்த நர்ஸ் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. களைத்துப்போன ஒரே ஆள், நிரம்பி வழியும் கூடம். இனவெறிதான் காரணம் என்று அந்த ஓர் இரவை வைத்து நிரூபிக்கவும் முடியாது. மூன்று மாதத்துக்கு முன் நான் 152-ஓடு அதே வாசலுக்குப் போனபோது 20 நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். அன்று கூட்டம் குறைவாக இருந்திருக்கலாம். தனி ஆளின் அனுபவத்தில் எப்போதும் இந்த 'இருக்கலாம்' உண்டு. மொத்தமாக எண்ணும்போதுதான் அது கரைகிறது. அந்த 2019-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு வெள்ளைத் தாய்மார் 17.9 பேர் இறந்தார்கள், கருப்பினத் தாய்மார் 44 பேர். 2023-இல் வெள்ளையருக்கு 14.5 ஆகக் குறைந்தது. கருப்பினத்தவருக்கு 50.3. பிள்ளைகள் கதையும் அதுதான். 2022-இல் பிறந்த ஆயிரம் கருப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய 11 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளில் அது 4.5.

இதை நம் வட்டத்தில் சொன்னால் உடனே இரண்டு பதில் வரும். முதலாவது, "படிப்பு, வசதி இல்லாததால இருக்கும்". சிடிசி 2007 முதல் 2016 வரையிலான கணக்கை ஆராய்ந்து சொன்னது: கல்லூரிப் பட்டம் பெற்ற கருப்பினப் பெண்ணின் பிரசவ மரண விகிதம், பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்ணுடையதைவிட 1.6 மடங்கு. டீச்சரம்மாவின் அடையாள அட்டைக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

இரண்டாவது, "ஜீன்ஸ்ல இருக்கும்". இலினாய் மாநிலப் பிறப்புகளை வைத்து 1997-இல் வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்களின் குழந்தைகளுடைய பிறப்பு எடை, அமெரிக்கக் கருப்பினப் பெண்களின் குழந்தைகளைவிட அமெரிக்க வெள்ளைக் குழந்தைகளின் எடையோடுதான் நெருங்கி வந்தது. ஜீன் என்றால் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இந்த மண்ணில் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை வாழ்ந்து தேய்வதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992-இல் வெதரிங் என்று பெயர் வைத்தார். வெயிலிலும் மழையிலும் கிடந்து மரம் இற்றுப்போவதைச் சொல்கிற வார்த்தை.

அந்த நவம்பர் மாதம் முழுக்க எங்கள் சமையலறை மேஜைதான் எனக்குப் பள்ளிக்கூடம். இரண்டு பிள்ளைகளும் தூங்கும் நேரத்தில் அம்மாவும் டீச்சரம்மாவும் பேசுவார்கள், நான் நடுவில் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் டீச்சரம்மா தன் பாட்டியின் அக்காவைப் பற்றிச் சொன்னாள். மிசிசிப்பியில் வேறு எதற்கோ வயிற்றில் ஆபரேஷன் என்று போனவர், இனிப் பிள்ளை பிறக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டாராம். தென் மாநிலங்களில் இது அவ்வளவு சகஜமாக நடந்ததால் 'மிசிசிப்பி அப்பென்டெக்டமி', அதாவது மிசிசிப்பி குடல்வால் ஆபரேஷன், என்றே அதற்கொரு பெயர் உண்டு. கருப்பின மக்களின் சிவில் உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்கும் 1961-இல் கட்டி எடுக்கப் போன இடத்தில் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு மட்டும் கேட்டா செஞ்சாக?" என்றாள். தம்பி பிறந்த மறுநாளே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மயக்கம் தெளியாமல் கிடந்தவளுக்குப் பதில் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். "எனக்கு இன்னொரு பொட்டப்பிள்ளை வேணும்னு இருந்துச்சு" என்றாள். நாற்பது வருடமாக எங்களிடம் சொல்லாத வார்த்தை. அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. குரல் வரவில்லை. டீச்சரம்மா நான் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் 'ரிப்ரொடக்டிவ் ஜஸ்டிஸ்' என்ற பெயரை அவள் வாயால் கேட்டேன். 1994-இல் சிகாகோவில் கூடிய 12 கருப்பினப் பெண்கள் உருவாக்கிய சொல். 1997-இல் தொடங்கிய சிஸ்டர்சாங் என்ற கூட்டமைப்பு, லோரெட்டா ராஸ் போன்றவர்கள் முன்னின்று, இங்கே அட்லாண்டாவிலிருந்து அதை நாடெங்கும் கொண்டுபோனது. கருக்கலைப்பு உரிமையோடு மட்டும் பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள் என்பது அவர்கள் வாதம். தமிழில் 'இனப்பெருக்க நீதி' என்று எழுதினால் எனக்குப் பத்தாம் வகுப்புத் தவளைப் படம்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு விளக்கியபோது அவளே சுருக்கிவிட்டாள்: "பெத்துக்கிடுததும், வேண்டாம்னு இருக்கிறதும், பெத்ததைப் பங்கமில்லாம வளக்கிறதும் அவ இஷ்டம். அதானே?" அதேதான்.

2021-இல் நான் டூலா பயிற்சி எடுத்தேன். டூலா என்றால் மருத்துவச்சி இல்லை. பிரசவத்தில் கூடவே இருந்து, கையைப் பிடித்து, கேட்க வேண்டியதைக் கேட்க வைக்கிறவள். நம் ஊரில் அத்தையும் சித்தியும் செய்ததைக் காசு வாங்கிக்கொண்டு செய்வது என்று கிண்டல் செய்வேன். அந்த வேலையில் கற்றதைக் கொஞ்சம் சொல்கிறேன். கருப்பினப் பெண்கள் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த பாடங்கள் இவை, பலன் நமக்கும் சேர்த்து.

ஆஸ்பத்திரி மேஜையில் முதல் வாக்கியமே "எனக்குப் பிரசவமாகி இத்தனை நாள்" என்று இருக்கட்டும். பிள்ளை கையில் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே வெறும் தலைவலிக்காரி. பிரசவமாகி ஒரு வருடம் வரை இதைச் சொல்ல வேண்டும். 36 மாநிலங்களில் 2017–2019-இல் நடந்த கர்ப்ப, பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்ததில் பாதிக்கு மேல், 53 சதவீதம், பிரசவமான ஏழாம் நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில்தான் நடந்திருந்தன. அந்த மரணங்களில் 84 சதவீதம் தடுத்திருக்கக்கூடியவை.

இரண்டாவது வாக்கியம் எண். 160/110 என்பது எல்லைக்கோடு. மேல் எண் 160-ஐத் தொட்டாலும் சரி, கீழ் எண் 110-ஐத் தொட்டாலும் சரி, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, இறங்கவில்லை என்றால் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுடைய விதிதான். மிஷினை வீட்டில் ஒழுங்காகப் பார்க்கவும் தெரிய வேண்டும்: ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பேச்சே கூடாது. பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். எண்ணை எழுதி வையுங்கள், நேரத்தோடு.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப்பை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவது உண்டு. 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கிளிப் தவறவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கருப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. என் நிறத்துக்கு நானும் யோசிக்க வேண்டிய விஷயம். எண் 97 என்று காட்டினாலும் மூச்சு முட்டினால் "மூச்சு முட்டுகிறது" என்றே திரும்பச் சொல்ல வேண்டும்.

யாராவது "இது சகஜம்தான்" என்று அனுப்பப் பார்த்தால் சண்டை வேண்டாம். "நான் இந்தப் பரிசோதனையைக் கேட்டேன், தேவையில்லை என்று முடிவு செய்தீர்கள் என்பதை என் சார்ட்டில் எழுதிவிடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். எழுதப் போகிறவர் பாதி நேரம் பரிசோதனையையே செய்துவிடுவார். அதுவும் நடக்கவில்லையா, சார்ஜ் நர்ஸை, அந்த ஷிஃப்ட்டின் பொறுப்பு நர்ஸை, கூப்பிடச் சொல்லுங்கள். டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் 2017-இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சு முட்டியபோது தனக்கு சி.டி. ஸ்கேனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். மருந்தில் ஏதோ உளறுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக் கட்டிகள். அவருக்கு முன்பே ரத்தக்கட்டி வந்த அனுபவம் இருந்தது, அதனால் பெயர் தெரிந்திருந்தது.

கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். புதிதாக வந்த நம் பெண் ஒருத்தி, "கண்ணு மங்குது, நெஞ்சு அடைக்குது" என்று தமிழில் சொன்னதை அவள் கணவர் "கொஞ்சம் டயர்டா இருக்காளாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, ஆஸ்பத்திரியில் வீட்டு விஷயத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது என்ற கூச்சம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் இலவசமாகத் தர வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. கேட்டால் கிடைக்கும். புள்ளிவிவரத்தில் 'ஆசியர்' எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று சாய்ந்து உட்கார வேண்டாம். அந்த ஒரே கட்டத்துக்குள் எத்தனை நாட்டுக்காரர்கள், எத்தனை வகை வாழ்க்கை!

மெடிகெய்டில், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டில், இருப்பவர்களுக்கு ஒன்று. முன்பெல்லாம் பிரசவமாகி 60 நாளில் காப்பீடு நின்றுவிடும். 2022-இலிருந்து மாநிலங்கள் விரும்பினால் அதை 12 மாதமாக நீட்டிக்கலாம். அட்லாண்டா இருக்கிற ஜார்ஜியா மாநிலம் அந்த வருடம் நவம்பரில் நீட்டித்தது. பலருக்கு இன்னும் தெரியாது. மனசு சரியில்லை என்றால் 1-833-852-6262, தாய்மார்களுக்கான அரசு உதவி எண், 24 மணி நேரமும்.

2023-இல் டீச்சரம்மா மறுபடி உண்டானாள். முன்பு வந்தவர்களுக்கு அழுத்தம் மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதற்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின், 81 மில்லிகிராம், டாக்டர் சொல்லி 12-ஆம் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது என்கிறார்கள். முதல் கர்ப்பத்தில் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த முறை டாக்டரை அவளே தேடிப் பிடித்தாள், மூன்று பேரை நேரில் பார்த்துக் கேள்வி கேட்டு. பிரசவ அறையில் நானும் கூட இருந்தேன். புதிதாக ஷிஃப்ட்டுக்கு வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், நீங்க டாக்டரா என்று. இந்த முறை மூச்சு எடுக்கவில்லை. "இல்லை, பக்கத்து வீடு. அவங்க சொல்றதைக் கேளுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கோவில்பட்டியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், மூக்கு யாரை மாதிரி என்றாள், சாப்பாட்டில் பூண்டு சேர்க்கிறாளா என்றாள். எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா கேட்டாள்: "பிரஷர் பாத்தாளான்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்கு முன் டீச்சரம்மா மேஜையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். காலை 7 மணி, 124/80. மதியம் 2 மணி, 128/82. கீழே ராத்திரிக்கு ஒரு வரி காலியாக விட்டிருந்தாள்.